கையெழுத்துப் போடாத ஐந்தாவது ஆள்

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணி இருக்கும். அன்றைய தபால்களுக்குத் தேதி முத்திரை குத்திக்கொண்டிருந்தேன். போலீஸ் வண்டி ஷெட்டிலிருந்து டிரைவர் சேகர் போன் செய்தார். "ஆபா, ஞானமுத்து சார் காலமாயிட்டாரு" என்றார். சரி என்று சொல்லி போனை வைத்துவிட்டு அடுத்த மூன்று தபால்களுக்கும் முத்திரை குத்தினேன். நான்காவது தபாலில்தான் கை நின்றது. எதற்காக எழுந்தேன் என்று தெரியாமல் எழுந்து நின்றேன்.

ஆம்பூரில் தம்முடைய வீட்டில், குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, செருப்பு மாட்டக் குனிந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். ஓய்வு பெற்று ஒரு வருடம்கூட ஆகவில்லை. புதன்கிழமை அடக்கம். ஞாயிற்றுக்கிழமை மாலை சர்ச் ஹாலில் இரங்கல் கூட்டம் நடந்தது. உங்களில் பலரை அங்கே பார்த்தேன்.

அந்தக் கூட்டத்தில் ஓர் அதிகாரி பேசினார். "ஞானமுத்து மேலதிகாரிகளை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. சொன்னதைச் செய்வார். இருக்கிற இடம் தெரியாமல் இருந்த அமைதியான மனிதர்" என்றார். முன்வரிசையில் எல்லோரும் தலையாட்டினார்கள். ஞானமுத்துவின் மனைவி ரோஸி மட்டும் திரும்பி என்னைப் பார்த்தார். துக்க நேரத்தில் சண்டை போடக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். வாணியம்பாடி பஸ் ஏறி உட்கார்ந்த பிறகு எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. இறந்தவரைப் பற்றி நல்ல வார்த்தை பேசட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் இது நல்ல வார்த்தை இல்லை, பொய். அவரை அறிந்த நீங்களும் இதை நம்பிவிடக் கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. காவல் துறையில் சீருடை போடாத ஆள் நான். வாகனப் பிரிவு அலுவலகத்தில் உதவியாளர். எந்த வண்டி எவ்வளவு ஓடியது, எந்த டயர் எப்போது மாற்றப்பட்டது, எந்த டிரைவரின் லைசென்ஸ் எப்போது முடிகிறது என்பதெல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். ஞானமுத்து பன்னிரண்டு வருடம் நெடுஞ்சாலை ரோந்து வண்டி ஓட்டியவர், பிறகு சிறப்பு எஸ்.ஐ. ஆகி எங்கள் ஷெட்டுக்கு வந்தவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். இருந்தும் வந்த முதல் நாளே என்னை உருதுவில் "ஆபா" என்று கூப்பிட்டு அக்காவாக்கிவிட்டார். நானும் விடவில்லை, "அண்ணா" என்றேன். "யாருக்கு முதல்ல ரிட்டயர்மென்ட் ஆர்டர் வருதோ அவங்கதான் பெரியவங்க ஆபா, அப்ப பாத்துக்கலாம்" என்று சிரிப்பார்.

புது வண்டி ஒன்று ஷெட்டுக்கு வந்தால் மற்ற டிரைவர்கள் பானெட்டைத் திறந்து எஞ்சினைப் பார்ப்பார்கள். இவர் திறக்க மாட்டார். தம்முடைய விடுமுறை நாளில் டிபன் பாக்ஸோடு வந்து, நிறுத்தி வைத்த வண்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொள்வார். டிரைவர் சீட்டில் இரண்டு மணி நேரம், பக்கத்து சீட்டில் இரண்டு மணி நேரம், பின்னால் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று ஒரு முழு டூட்டியும் உட்கார்ந்து முடிப்பார். முழங்கை எங்கே இடிக்கிறது, லத்தி எங்கே மாட்டுகிறது என்று ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொள்வார். பைத்தியம் என்று ஷெட்டில் கிண்டல் செய்வார்கள். நானும் செய்திருக்கிறேன். "வண்டி இன்னா வேகம் போவும்னு கம்பெனிக்காரன் சொல்லிடுவான் ஆபா. எட்டு மணி நேரம் உட்கார்ந்தா இடுப்பு இன்னா ஆவும்னு அவன் சொல்ல மாட்டான்" என்பார்.

இந்த வழக்கம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதை ஒரே ஒரு முறைதான் சொன்னார். ரோந்தில் இருந்த காலத்தில், ஆம்பூருக்கு முன்னால் ஒரு சாயங்காலம், ஷூ கம்பெனி விட்டு பெண்களை ஏற்றி வந்த வேன் கவிழ்ந்துவிட்டது. முதலில் போய் நின்றது இவருடைய வண்டி. ஆம்புலன்ஸ் வேறொரு விபத்துக்குப் போயிருந்தது. வேனிலிருந்து டீசல் ஒழுகிக்கொண்டிருந்ததால் அடிபட்டவர்களை அங்கேயே விட்டுவைக்க முடியவில்லை. கோமதி என்று ஒரு பெண், தையல் பிரிவில் வேலை. இடுப்பில் அடி. அப்போது இவரிடம் இருந்தது ஒரு சின்ன கார். பின் சீட்டில் படுக்க வைத்தால் கதவைச் சாத்த முடியவில்லை. ஆகவே அவரை உட்கார வைத்து, விழுந்துவிடக் கூடாது என்று சீட் பெல்ட்டையும் பார்த்துப் பார்த்து மாட்டி, வேலூருக்குக் கொண்டுபோனார்.

ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸ் கேட்டாராம்: "முதுகெலும்பு அடிய யாருங்க உட்கார வெச்சுக் கொண்டாந்தது?"

"நான்தாம்மா" என்றாராம் இவர்.

கோமதி பிழைத்துக்கொண்டார். நடக்க முடியவில்லை. உட்கார வைத்ததால் அப்படி ஆனதா, விழுந்தபோதே ஆகிவிட்டதா என்று இவர் டாக்டரிடம் போய்க் கேட்டிருக்கிறார். உறுதியாகச் சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இதை என்னிடம் சொல்லிவிட்டு ஞானமுத்து கொஞ்ச நேரம் ஷெட்டின் தகரக் கூரையைப் பார்த்தார். "தப்பு என்னுதுன்னு சொல்லிட்டா அழுதுட்டுப் போயிடுவேன். இல்லன்னு சொல்லிட்டா நிம்மதியா தூங்குவேன். டாக்டருக்கும் தெரியல, எனக்கும் தெரியல. அதான் பேஜார் ஆபா" என்றார். அதற்குப் பிறகு நான் அவரைக் கிண்டல் செய்ததில்லை.

மூன்று வருடங்களுக்கு முன்னால், மாநிலம் முழுவதற்கும் புதிய நெடுஞ்சாலை ரோந்து வண்டி வாங்குவதற்கான தேர்வுக் குழு எங்கள் பக்கம் வந்தது. நெடுஞ்சாலை, ஆம்பூர் பஜார் நெரிசல், தோல் தொழிற்சாலைகளுக்குப் போகும் சேற்றுச் சந்துகள், ஏலகிரி மலையின் கொண்டை ஊசி வளைவுகள் எல்லாம் ஒரே நாளில் இங்கே கிடைத்துவிடும் என்பதால் இங்கேயே சோதனை ஓட்டம். ஐந்து பேர் குழு. தலைவர் ஒரு மூத்த அதிகாரி. மூவர் அவருக்கு அடுத்த நிலையில் இருந்தவர்கள். ஐந்தாவது ஆளாக, ஓட்டுநர்கள் சார்பில் ஒருவர் வேண்டும் என்று விதி இருந்ததால், ஞானமுத்து. அறிக்கை தட்டச்சு செய்ய நான்.

மூன்று வண்டிகள் வந்தன. முதலாவது முதல் நாளே தோற்றுவிட்டது, மலையில் மூச்சு வாங்கியது. இரண்டாவது வெள்ளை வண்டி. உயரம், அகலம், பளபளப்பு. பின்வரிசையில் சோபா மாதிரி இரண்டு தனித்தனி சீட்டு, இடையில் குளிர்பானம் வைக்க ஒரு பெட்டி. அணிவகுப்பில் நின்றால் போட்டோ நன்றாக வரும். மூன்றாவது வண்டியைப் பார்த்தால் ரேஷன் கடைக்குச் சாமான் ஏற்றிப் போவது போல இருக்கும். பின்னால் நீளமாக ஒரே சீட்டு, மடக்கினால் தரை சமமாகிவிடும்.

மூன்று நாள் ஓடியது சோதனை. குழு உறுப்பினர்களின் குறிப்புகள் என் மேசைக்கு வந்தன. அதிகாரிகள் நால்வரும் வெள்ளை வண்டியின் சொகுசைப் புகழ்ந்திருந்தார்கள். கால் நீட்ட இடம், சாய்மானம், குலுங்காமை. நான் தட்டச்சு செய்துகொண்டே இருந்தேன், எனக்கு எதுவும் உறைக்கவில்லை. ஞானமுத்துவுக்கு உறைத்தது. நான்காம் நாள் காலை, வண்டிகள் வரிசையாக நின்ற இடத்தில், தலைவர் முன்னால் போய் நின்றார்.

"அய்யா, ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளுங்க."

"மூணு நாளா எல்லாரும் பின்னாடி இடது சீட்லயே உட்கார்ந்து வர்றீங்க. ரோந்து வண்டியில ஆபீசர் முன்னாடிதான உட்காருவாரு. அந்த சீட்ல இதுவரைக்கும் யாரும் உட்காரலைங்களே?"

பெரிய அதிகாரி என்றால் வண்டியில் பின்பக்கம் இடது சீட்டு. எங்கள் துறையில் அது பல காலமாக வரும் பழக்கம். டிரைவர் கதவைத் திறந்தால் கால் தானாக அங்கே போகும். நால்வரும் மாற்றி மாற்றி அந்த ஒரே சீட்டில் உட்கார்ந்து, ரோந்துப் போலீஸ்காரர்களுக்கு எது சுகம் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்து, கோப்பால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

தலைவரும் சிரித்துவிட்டார், அதைச் சொல்லியாக வேண்டும். வெள்ளை வண்டியின் முன் சீட்டில் போய் உட்கார்ந்தார். வயர்லெஸ் செட் பொருத்திய இரும்புப் பட்டை அவர் முழங்காலுக்கு நேராக இருந்தது. கேட்டைத் தாண்டி முதல் வேகத்தடையிலேயே 'டங்' என்று ஓர் அடி. திரும்பி வந்து இறங்கும்போது முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இறங்கினார். "பட்டையை மாத்தி வெச்சிக்கலாம். அது சின்ன விஷயம்" என்றார்.

"அது சின்ன விஷயம்தாங்கய்யா. பெரிய விஷயம் பின்னாடி இருக்கு" என்றார் ஞானமுத்து.

பிறகு அவர் செய்ததைத்தான் நான் சாகும்வரை மறக்க மாட்டேன். தொப்பியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். வெள்ளை வண்டியின் பின்கதவைத் திறந்து, முழுச் சீருடையில், அந்த இரண்டு சோபா சீட்டுகள் மேல் குறுக்காகப் படுத்தார். நடுவில் இருந்த பெட்டி அவர் முதுகைத் தூக்கிக்கொண்டு நின்றது. தலை ஒரு பக்கம் தொங்கியது. பாலிஷ் போட்ட இரண்டு பூட்ஸும் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. "கதவ சாத்துங்கய்யா" என்றார் உள்ளேயிருந்து.

யாரும் சாத்தவில்லை. சாத்தவும் முடியாது.

"என்ன இது, ஞானமுத்து? இது ரோந்து வண்டி. ஆம்புலன்ஸ் இல்ல" என்றார் தலைவர்.

"ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் இதாங்கய்யா ஆம்புலன்ஸ்" என்றார், படுத்தபடியே.

"ஓடுறவன துரத்திப் பிடிக்க வேணாமா? இதோட பிக்கப் அந்த டப்பாவுக்கு வருமா?"

"பன்னெண்டு வருஷத்துல நான் துரத்தினத ஒரு கை விரல்ல எண்ணிடலாங்கய்யா. தூக்கிப் போட்டுக்குனு போனத எண்ணணும்னா லாக் புக்க எடுத்துக்குனு வரச் சொல்லுங்க, ஆபாகிட்ட இருக்கு."

எழுந்து, மூன்றாவது வண்டிக்குப் போய், சீட்டை மடக்கிப் படுத்தார். கதவைச் சாத்த முடிந்தது. கண்ணாடி வழியாக அவர் முகம் தெரிந்தது. அவர் அங்கே கண்ணை மூடிக்கொண்டிருந்தார். எதை நினைத்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும், அங்கே நின்ற வேறு யாருக்கும் தெரியாது.

இருந்தும் அறிக்கை வெள்ளை வண்டிக்குத்தான் எழுதப்பட்டது. 'உறுப்பினர்கள் அனைவரும் ஒருமனதாகப் பரிந்துரைக்கின்றனர்' என்று கடைசி வரி. தட்டச்சு செய்தவள் நான்தான், மறைக்கப் போவதில்லை. நால்வர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். ஐந்தாவது இடத்தில் ஞானமுத்து பேனாவை மூடி மேசை மேல் வைத்துவிட்டார். "என் மனசு இதுல இல்லைங்கய்யா. ஒருமனசுன்னு எப்படிப் போடறது?" என்றார்.

அன்றிலிருந்து ஆரம்பித்தது. முதலில் நயமாகச் சொன்னார்கள். பிறகு தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கும்போது இதெல்லாம் தேவையா என்றார்கள். பழைய லாக் புக்குகளை எடுத்துத் துருவ ஆரம்பித்தார்கள். ஒரு நாள் ரோஸி ஷூ கம்பெனியில் அரை நாள் லீவு போட்டுவிட்டு, அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் என் மேசைக்கு வந்தார். "நீங்க சொன்னா கேப்பாரு ஆபா. ஒரு கையெழுத்துதான. போட்டுடச் சொல்லுங்க. தூரமா எங்கியாவது தூக்கிப் போட்டா நான் இன்னா பண்ணுவேன்?" என்று அழுதார்.

நான் சொன்னேன். அவரிடம் போய், "அண்ணா, போட்டுடுங்க. எப்படியும் அவங்க வாங்கத்தான் போறாங்க" என்று சொன்னேன். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவர் என்னிடம் ஒரு முறை கோபித்துக்கொண்டார் என்றால் அது அன்றுதான். "நீங்களுமா ஆபா? வாங்கட்டும். நான் வேணாம்னு சொன்னா வாங்காம வுட்டுடுவாங்களா? ஆனா நாளைக்கு எவனோ ஒருத்தன் ஒரு பொண்ண உட்கார வெச்சுக் கூட்டினு போவான். ஏன் உட்கார வெச்சேன்னு அவனக் கேப்பாங்க. வண்டி அப்படின்னு அவன் சொல்லுவான். வண்டிய எவன் எடுத்தான்னு கேட்டா, அதுல என் கையெழுத்து இருக்கக் கூடாது" என்றார். பிறகு குரலை இறக்கி, "ரோஸி வந்துச்சா?" என்று கேட்டார். வந்தார் என்றேன். "சாப்டுச்சா?" என்றார்.

மறுநாள் தம்முடைய மறுப்பை ஒன்றரைப் பக்கம் கைப்பட எழுதிக்கொண்டு வந்தார். நல்ல தெளிவான தமிழ். எந்த வண்டியில் எத்தனை அடி ஆள் படுக்க முடியும், எதில் முடியாது, ஏன் முடிய வேண்டும். யாரையும் திட்டவில்லை. 'மூன்றாவது வண்டி அழகில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்' என்று ஒரு வரி. அதைக் குழுவிடம் கொடுத்தால் குப்பைக் கூடைக்குப் போகும் என்று இருவருக்கும் தெரியும்.

அப்போதுதான் நான் என் வெட்கத்தைக் கொஞ்சம் கழுவிக்கொண்டேன். அலுவலகத்தில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும், ஒரு தாளுக்குத் தபால் முத்திரை குத்தி, பதிவேட்டில் ஏற்றி, கோப்பில் கோத்து, சிவப்பு மையில் பக்க எண் போட்டுவிட்டால் அது அசையாது. எடுத்தால் எடுத்த இடம் பல் விழுந்த மாதிரி தெரியும். அவர் தாளுக்கு முத்திரை குத்தினேன், பதிந்தேன், பக்க எண் போட்டேன். அதற்குப் பின்னால் இருந்த அத்தனை பக்கங்களுக்கும் தொடர்ச்சியாக எண் போட்டேன். அறிக்கையின் கடைசி வரியில் 'அனைவரும் ஒருமனதாக' என்பதை அடித்து, 'நால்வர்' என்று திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பினேன். கையெழுத்து நான்குதானே இருக்கிறது, ஐந்து என்று எப்படி மேலே அனுப்புவது என்று காரணம் சொன்னேன். விதிப்படி பேசியதால் யாராலும் என்னைத் திட்ட முடியவில்லை.

வெள்ளை வண்டிகள் வந்தன. கொடியசைத்தார்கள். ஞானமுத்துவை ஷெட்டின் ஸ்டோர் ரூமுக்கு மாற்றினார்கள், பழைய டயர்களுக்குப் பட்டியல் எழுத. அடங்கிவிடுவார் என்று நினைத்திருப்பார்கள். அவர் அந்த ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து, வெள்ளை வண்டியின் உள்ளளவை எடுத்து, ஒட்டுப்பலகையில் வண்டிக்கு ஒரு நீளப் பலகை வீதம் தச்சரிடம் செய்யச் சொன்னார். முன் சீட்டை முழுக்கச் சாய்த்தால் அதன் மேலும் பின் சீட்டின் மேலும் அந்தப் பலகை நேராக நிற்கும், ஆளை நீளவாக்கில் கிடத்தலாம். ஆளைக் கட்ட, ஆம்பூரில் தெரிந்தவர் ஒருவரிடம் பெல்ட் செய்யும் தடித்த தோலை வாங்கி வார் அடித்தார். எங்கள் பக்க ரோந்து டிரைவர்களைக் கூப்பிட்டு ஆளுக்கொன்று கொடுத்து, முதுகு அசையாமல் எப்படித் தூக்குவது என்று ஒரு நர்ஸை வரவழைத்துச் சொல்லிக்கொடுக்கவும் செய்தார்.

உடனே மெமோ வந்தது. அரசு வாகனத்தில் அனுமதி இல்லாத பொருள் வைக்கப்பட்டிருப்பதற்கு விளக்கம் தர வேண்டும், அதை உடனே அகற்ற வேண்டும். அவர் கொடுத்த பதில் என் கோப்பில் இருக்கிறது. ஒரே வாக்கியம்: 'ஆள் படுக்கக்கூடிய வாகனம் வழங்கப்பட்ட அன்றே பலகை அகற்றப்படும் என்று பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.' பணிவுடன் என்ற சொல்லை இவ்வளவு திமிராக எழுதியவரை நான் பார்த்ததில்லை.

அடுத்து இரண்டு மெமோ வந்தன. இரண்டுக்கும் அதே வாக்கியத்தை எழுதி அனுப்பினார். பிறகு மெமோ வருவது நின்றுவிட்டது. பலகைகள் நிற்கவில்லை. நாட்டறம்பள்ளி பக்கம் லாரி மோதி இடுப்பு ஒடிந்த ஒரு கிளீனரை சேகர் அந்தப் பலகையில் கிடத்தித்தான் கொண்டுபோனார். "படுக்க வெச்சே கொண்டுபோனோம் சார்" என்று அவர் போனில் சொன்னார். ஞானமுத்து போனை என்னிடம் கொடுத்துவிட்டு, ஸ்டோர் ரூமுக்குள் போய் டயர்களை எண்ண ஆரம்பித்தார். ஏற்கெனவே எண்ணி முடித்த டயர்கள்.

இதைத்தான் மேலதிகாரிகளை எதிர்த்துப் பேசாதவர் என்கிறார்கள்.

இந்த மாதத் தொடக்கத்தில், அடுத்த தவணை ரோந்து வண்டிகள் வாங்கப் புதிய குழு அமைத்திருப்பதாகவும், பழைய தேர்வுக் கோப்பை அனுப்ப வேண்டும் என்றும் கடிதம் வந்தது. அன்றே அவருக்குப் போன் செய்தேன்.

"அந்தத் தாளு உள்ள இருக்குதா ஆபா?"

"இருக்குண்ணா. பக்க எண்ணோட இருக்கு."

"என் பேர வேணா அடிச்சிடச் சொல்லுங்க. தாள எடுக்காம பாத்துக்கங்க. பேரு கெடக்குது, அளவு முக்கியம்" என்றார். பிறகு, புதுக்குழுவில் இருப்பவர்களாவது முன் சீட்டில் உட்காருவார்களா என்று கேட்டுச் சிரித்தார். அது வெள்ளிக்கிழமை. செவ்வாய்க்கிழமை அவர் இல்லை.

இரங்கல் கூட்டம் முடிந்து இரண்டு நாள் கழித்து, கோப்பை அனுப்ப எடுத்து வைத்திருந்தேன். எங்கள் பிரிவுக் கண்காணிப்பாளர் புதியவர், கெட்டவர் இல்லை. கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"மேடம், இந்த மறுப்புக் கடிதத்த மட்டும் எடுத்துட்டு அனுப்பிடுங்க. அவரு ரிட்டயர் ஆகி, இறந்தும் போய்ட்டாரு. எதுக்கு வீணா கேள்வி வரணும்?"

"பக்க எண் போட்டிருக்கு சார்."

"புது அட்டை போட்டு, புதுசா நம்பர் போட்டுடலாம். ஒரு மணி நேர வேலை."

"மாட்டேன் சார்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். இருபத்தொன்பது வருட வேலையில் அந்தச் சொல்லை நான் ஒரு மேசைக்கு முன்னால் நின்று சொன்னதே இல்லை. பார்க்கிறேன் சார், செய்கிறேன் சார், முடித்துவிட்டேன் சார், இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த மொழி.

"யோசிச்சு சொல்லுங்க" என்றார்.

"யோசிச்சிட்டேன் சார். இது இல்லாம கோப்பு போனா, இப்படி ஒரு தாள் இருந்ததுன்னு புதுக்குழுவுக்கு நானே தனியா கடிதம் எழுதுவேன். என் கையெழுத்தோட எழுதுவேன்."

அவர் கோப்பை மூடி, கையெழுத்துப் போட்டு, அப்படியே தள்ளினார். அன்று மாலைத் தபாலிலேயே அனுப்பிவிட்டேன். அந்த ஒன்றரைப் பக்கத்தை யாராவது படிப்பார்களா, படித்தாலும் எந்த வண்டி வரும், எனக்குத் தெரியாது. வெள்ளையே மறுபடியும் வரலாம். வந்தால் பலகை அடிக்க அளவு ஸ்டோர் ரூம் சுவரிலேயே எழுதியிருக்கிறது, சேகருக்குத் தெரியும்.

தபாலை அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தபோது என் இரண்டு கையும் நடுங்கின. தண்ணீர் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. அவருக்கு ஒரு முறையாவது இப்படி நடுங்கியிருக்கும் என்று அதுவரை நான் நினைத்ததே இல்லை. தைரியசாலி, அவருக்கென்ன என்றுதான் நினைத்திருந்தேன். வீட்டில் ரோஸி அழுதுகொண்டிருக்க, ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்க, நான்கு அதிகாரிகள் பார்த்துக்கொண்டிருக்க, அந்தப் பேனாவை மூடி வைத்தவருக்கு நடுங்காமலா இருந்திருக்கும்? போதாததற்கு நானும் போய்ப் போட்டுவிடுங்கள் என்று சொன்னேன்.

மன்னிப்புக் கேட்க இனி வழியில்லை. அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது 'மாட்டேன்' என்ற அந்த ஒரு சொல்தான். கை நடுங்கினாலும் அதைச் சொல்லலாம் என்று இப்போது தெரிந்துகொண்டேன். எனக்கு ஓய்வுக்கு இன்னும் பதினெட்டு மாதம் இருக்கிறது. அதுவரை சொல்லப் போகிறேன்.